0.2 மில்லிமீட்டர் காற்று

மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை

ஆண்டு மலர் என்றால் பாதிப் பக்கம் கவிதை, மீதிப் பக்கம் துணுக்கு, முன்னால் முதல்வரின் வாழ்த்துச் செய்தி என்று ஒரு கணக்கு உண்டு. எனக்குக் கவிதை வராது. நான் துணுக்கு சொன்னால் ஹாஸ்டலில் யாரும் சிரிப்பதில்லை. அதனால் எங்கள் நாலு பேர் குழு செய்த ப்ராஜெக்ட்டைப் பற்றி, அதிலும் அதற்குள் இருந்த ஒரு மெல்லிய இடைவெளியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நாம் ரெக்கார்டுக்கு வாங்குகிற ஏ4 தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. எங்கள் இடைவெளி அப்படி இரண்டு தாள் கனம். அதற்கா இவ்வளவு பக்கம் என்று கேட்பவர்கள் ஆறு மாதம் எங்களோடு கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்திருக்க வேண்டும். சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பயப்பட வேண்டாம். உங்களுக்கும் புரிகிற மாதிரிதான் எழுதுகிறேன்.

என் அப்பா மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை பார்க்கிறார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் பத்தாம் வகுப்பைத் தாண்டி வந்த முதல் ஆள் நான். மின்னியல் பிரிவை எடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. வேறு பிரிவின் பெயர் எதுவும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

சென்ற வருடம் அந்தக் கடைக்கு ஓர் ஆலையிலிருந்து 11 கிலோவோல்ட் மோட்டார் ஒன்று வந்தது. ஸ்டேட்டரிலிருந்து சில காயில்களை வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனபோது நானும் பார்த்தேன். காயிலில், ஸ்லாட்டுக்குள் உட்கார்ந்திருந்த பகுதியில் மட்டும் சுண்ணாம்பைத் தடவினாற்போல் வெள்ளைப் பொடி.

"காத்து தின்ன எடம் கண்ணு இது" என்றார் அப்பா.

"காத்து எப்படிங்கப்பா தின்னும்?"

"அது எனக்குத் தெரியாது. காயிலு ஸ்லாட்டுல இறுக்கமா ஒக்காந்திருந்தா இது வராது. லூசா இருந்தா வரும். அதுலயும் லீடு பக்கத்துக் காயில்லதான் நெறைய வரும். எத்தனை வருசமாப் பாக்கறேன்."

ஆலையிலிருந்து வந்த இன்ஜினியர் மெகர் வைத்துப் பார்த்தார். ரீடிங் நன்றாகவே இருந்தது. "இன்சுலேஷன் நல்லாத்தான் இருக்கு. துடைச்சு வார்னிஷ் அடிச்சு அப்படியே போட்டுருங்க" என்று சொல்லிவிட்டார். பக்கவாட்டில் பேக்கிங் கொடுத்து இறுக்கிப் போடலாம் என்று அப்பா முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். "இன்ஜினியரே சொல்லிட்டாரு, உனக்கென்ன" என்று பதில் வந்தது. அப்பா இதை ராத்திரி வீட்டில் ஒரே வரியில் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. இன்ஜினியரும் அளந்துதான் சொன்னார், அப்பாவும் பார்த்துத்தான் சொன்னார். இரண்டில் எது சரி என்று எனக்கே சொல்லத் தெரியவில்லையே என்பதுதான் உறுத்தியது. மூன்று வருடம் ஃபீஸ் கட்டிப் படித்தது எதற்கு?

ப்ராஜெக்ட்டுக்கு அதையே எடுத்தோம். ஸ்லாட்டுக்குள் இருக்கும் காயிலின் குறுக்குவெட்டை வரைந்து, எங்கே எவ்வளவு மின்புலம் என்று ஃபைனைட் எலிமென்ட் முறையில் பார்ப்பது. இதில் புரியாத மந்திரம் ஏதுமில்லை. ஒரு பரப்பைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் மின்னழுத்தம் ஒரே சரிவாக மாறுகிறது என்று வைத்துக்கொண்டு, மூலைப் புள்ளிகளில் எவ்வளவு வோல்ட் என்று கம்ப்யூட்டரைக் கணக்குப் போடச் சொல்ல வேண்டும். 1943-லேயே ரிச்சர்ட் கூரன்ட் என்ற கணிதப் பேராசிரியர் முக்கோணங்களை வைத்து இப்படிக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். 'ஃபைனைட் எலிமென்ட்' என்ற பெயரை 1960-ல் ரே கிளஃப் வைத்தார். அவர் சிவில்காரர் என்பதை சிவில் நண்பர்கள் பெருமையோடு குறித்துக்கொள்ளவும். இந்த முக்கோண வலைக்குத்தான் மெஷ் என்று பெயர். நாங்கள் பயன்படுத்தியது டேவிட் மீக்கர் எழுதிய எஃப்.இ.எம்.எம். என்ற இலவச மென்பொருள். காசு கொடுத்து வாங்க எங்களிடம் என்ன இருக்கிறது?

தகராறு இடைவெளியில்தான் ஆரம்பித்தது. என் மாமா டைல்ஸ் ஒட்டுகிறவர். ஒரு பெரிய கூடம், இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ், ஆனால் ஒரு சுவரோரமாக மட்டும் ஓர் அங்குலப் பட்டை மிச்சம் நிற்கிறது என்று வையுங்கள். மாமா நீளத் துண்டாக வெட்டி அந்தப் பட்டையை நிரப்பிவிடுவார். ஆனால் "நீளத் துண்டே கூடாது, எல்லாத் துண்டும் கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கணும்" என்று வீட்டுக்காரர் அடம் பிடித்தால்? அந்தப் பட்டை முழுக்க ஓர் அங்குலச் சதுரமாக நூற்றுக்கணக்கில் வெட்ட வேண்டும். அதோடு விடாமல், பக்கத்து டைல்ஸும் படிப்படியாகத்தான் பெரிதாக வேண்டும் என்றும் சொன்னால் மாமா சாந்தைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார். மெஷ் போடும் மென்பொருள் அந்த வீட்டுக்காரர் மாதிரி. எந்த முக்கோணத்திலும் எந்தக் கோணமும் இத்தனை டிகிரிக்குக் குறையக்கூடாது என்று அதற்கு ஒரு விதி உண்டு. நாங்கள் பயன்படுத்தியதில் சாதாரணமாக 30 டிகிரி. எங்கள் ஸ்லாட்டின் உயரம் 60 மி.மீ. இடைவெளி 0.2 மி.மீ. அதாவது 300-க்கு 1.

குழுவில் ஒருவன் எங்கும் 0.05 மி.மீ. மெஷ் என்று போட்டுப் பார்த்தான். சுற்றியுள்ள இரும்போடு சேர்த்து 100 மி.மீ.க்கு 100 மி.மீ. சதுரம். கணக்குப் போட்டால் 80 லட்சம் முக்கோணங்களுக்கு மேல் வருகிறது. லேப் கம்ப்யூட்டர் அப்படியே நின்றது. சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு டீ குடித்து வந்தோம், அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது.

"கேப்பை விட்டுடுங்கப்பா. 3 மில்லிமீட்டர் இன்சுலேஷன் இருக்கு, அதுல 0.2 என்ன பெரிசு? காயில் ஸ்லாட்டை ஒட்டி இருக்குன்னு வெச்சு முடிங்க" என்றார் எங்கள் கைடு. குழுவில் மூன்று பேருக்கும் அதுவே சம்மதம். ரிவ்யூவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்த வெள்ளைப் பொடிதான் கண்ணில் நின்றது. இடைவெளியை விட்டுவிட்டால் அப்பா சொன்னதையே விட்டுவிட்ட மாதிரிதானே?

சரி, கம்ப்யூட்டர் வேண்டாம், கையாலேயே போட்டுப் பார்ப்போம் என்று போர்டில் எழுதினோம். 11 கிலோவோல்ட் என்பது லைனுக்கும் லைனுக்கும். பூமிக்கு 6.35 கிலோவோல்ட். உச்ச மதிப்பு ஏறக்குறைய 9 கிலோவோல்ட். (நியூட்ரல் பக்கத்துக் காயிலுக்கு இவ்வளவு வராது, லீடு பக்கத்துக் காயிலுக்குத்தான் முழுசும். அப்பா சொன்ன பாதி விஷயம் இங்கேயே விளங்கிவிட்டது.) இடைவெளியே இல்லையென்றால் 9-ஐ 3 மி.மீ.யால் வகுத்தால் போதும்: மில்லிமீட்டருக்கு 3 கிலோவோல்ட். மைக்கா, எபாக்ஸி இன்சுலேஷன் இதைச் சுலபமாகத் தாங்கும். மெகர் சொன்னதும் அதையேதான்.

இப்போது நடுவில் 0.2 மி.மீ. காற்றை வையுங்கள். இன்சுலேஷனின் பெர்மிட்டிவிட்டி காற்றைப்போல் சுமார் 4 மடங்கு. தமிழ்ப் புத்தகங்களில் இதை விடுதிறன் என்பார்கள். விடுதிறன் அதிகமுள்ள இடத்தில் மின்புலம் குறைவாக இருக்கும், குறைவான இடத்தில் அதிகமாகும். ஆகவே 3 மி.மீ. இன்சுலேஷன் இந்தக் கணக்கில் வெறும் 0.75 மி.மீ. காற்றுக்குச் சமம். அதோடு 0.2-ஐக் கூட்டினால் 0.95. 9-ஐ 0.95-ஆல் வகுத்தால் காற்றில் மில்லிமீட்டருக்கு 9.5 கிலோவோல்ட்! அந்த இரண்டு தாள் கனத்தின் மேல் மட்டும் 1.9 கிலோவோல்ட் நிற்கிறது. 0.2 மி.மீ. காற்று ஏறக்குறைய 1.5 கிலோவோல்ட்டிலேயே உடைந்துவிடும். இன்சுலேஷன் தாங்கும், காற்று தாங்காது. அரைச் சுற்றுக்கு ஒரு தடவை, அதாவது விநாடிக்கு 100 தடவையாவது அங்கே குட்டிக் குட்டிப் பொறி. அந்தப் பொறியும் அதில் உண்டாகிற ஓசோனும் சேர்ந்து இன்சுலேஷனை அரிக்கின்றன. மிச்சம் விழுவதுதான் வெள்ளைப் பொடி. காற்று தின்கிறது என்று அப்பா சொன்னது உவமை இல்லை.

இன்னொன்றும் பார்த்தோம். இடைவெளி 0.2 இல்லாமல் 0.02 மி.மீ. என்றால்? மின்புலம் இன்னும் கூடுதல், 11.7. ஆனால் அந்தக் காற்றின் மேல் விழுவது 234 வோல்ட்தான். எவ்வளவு மெல்லிய இடைவெளியாக இருந்தாலும் ஏறக்குறைய 330 வோல்ட்டுக்குக் கீழே காற்று உடையாது. இது 1889-ல் பாஷன் கண்ட விதியிலிருந்து வருவது. அப்படியானால் இறுக்கமாக உட்கார்ந்த காயிலில் பொடி வராது என்பதும் சரி. மின்புலம் மட்டும் பார்த்தால் போதாது, இடைவெளி எத்தனை என்பதும் வேண்டும். அதை நினைத்துச் சொல்ல முடியாது, அளக்க வேண்டும்.

அளந்தது அப்பா. ஸ்லாட்டில் மிச்சமிருந்த காயில்களின் பக்கவாட்டில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்திருக்கிறார். "சில எடத்துல 0.05 தகடுகூடப் போகல. சில எடத்துல 0.3 போகுது. பொதுவா 0.2 வெச்சுக்க" என்றார். ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் ஸ்லாட் நம்பரோடு எழுதியும் கொடுத்தார். அவர் கையெழுத்தை நான் பார்ப்பதே அபூர்வம்.

கையால் போட்டாகிவிட்டதே, பிறகு மெஷ் எதற்கு என்று கைடு கேட்டார். நியாயமான கேள்வி. கைக்கணக்கு ஸ்லாட்டின் நேர்ப் பக்கத்துக்குத்தான் சரி. காயிலின் மூலையில் செம்பு வளைகிறது, ஸ்லாட்டின் மூலை சதுரமாக இருக்கிறது, நடுவில் காற்று ஓரிடத்தில் அகலமாகி ஓரிடத்தில் ஒடுங்குகிறது. அங்கே வகுத்தல் கணக்கு நடக்காது.

கடைசியில் எங்களுக்கு வழி காட்டியவர் இன்னொரு ஆசிரியர், லேபுக்கு வேறு வேலையாக வந்தவர். ஸ்க்ரீனைப் பார்த்துவிட்டு, "இரும்புக்குள்ள ஏன்ப்பா மெஷ் போட்டிருக்கீங்க?" என்றார். அந்த ஒரு கேள்வியில் முக்கால்வாசி வேலை முடிந்தது. நிலைமின்னியலில் கண்டக்டருக்குள் மின்புலம் பூஜ்யம் என்று இரண்டாம் ஆண்டில் எல்லோரும் எழுதியிருக்கிறோம். அப்படியானால் இரும்புக்கும் செம்புக்கும் உள்ளே முக்கோணம் எதற்கு? அதன் ஓரக் கோட்டில் இத்தனை வோல்ட் என்று சொல்லிவிட்டு, உள்ளே 'நோ மெஷ்' என்று லேபிள் போட்டால் போதும். மிச்சம் மெஷ் போட வேண்டியது இன்சுலேஷனும் இடைவெளியும் மட்டும், சுமார் 450 சதுர மி.மீ. இடைவெளியில் மட்டும் 0.1 மி.மீ. கொடுத்து, இன்சுலேஷனுக்குள் போகப் போகப் பெரிதாக விட்டோம். 80 லட்சம் எங்கே, 20 ஆயிரத்துச் சொச்சம் எங்கே! டீ குடிக்கப் போகவே நேரமில்லை, அதற்குள் முடிந்துவிட்டது.

இடைவெளியில் எத்தனை அடுக்கு முக்கோணம் வேண்டும் என்று அடுத்த சண்டை. மூன்று அடுக்காவது இருக்க வேண்டும் என்று ஒருவன். எதற்கு? நேர்ப் பக்கத்தில் மின்புலம் குறுக்கே ஒரே சீராக இருக்கிறது, மின்னழுத்தம் ஒரே சரிவாக இறங்குகிறது. முக்கோணத்துக்குள் நாம் வைத்துக்கொண்டதும் அதே ஒரே சரிவுதான். ஆகவே அங்கே ஓர் அடுக்கே சரியான விடையைத் தரும். ஓர் அடுக்கு, இரண்டு, நாலு என்று மாற்றிப் போட்டோம், மூன்றிலும் 9.5 அசையவில்லை, கைக்கணக்கோடும் ஒத்துப்போனது. மூலையில்தான் எண் மாறிக்கொண்டிருந்தது. முக்கோணங்களை அங்கே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அதிலும் செம்பின் மூலையைக் கூராக வரைந்தால் மெஷ்ஷை நுணுக்க நுணுக்க மின்புலம் ஏறிக்கொண்டே போகும், எங்கேயும் நிற்காது. அது பதிலே கிடையாது. நிஜக் கம்பியில் மூலை உருண்டிருக்கிறது. அந்த உருட்டை அளந்து வரைந்த பிறகுதான் எண் ஓரிடத்தில் நின்றது. படம் நீலமும் சிவப்புமாக அழகாகத்தான் வருகிறது, மெஷ் தப்பாக இருந்தாலும் அதே அழகோடு வருகிறது. கலரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஒல்லி முக்கோணம் என்றாலே ஆகாது என்று சொல்வார்கள், அதுவும் முழு உண்மை இல்லை. சிறு கோணம் இருப்பதால் மட்டும் கெடுதல் இல்லை, 180 டிகிரியை நெருங்குகிற விரிகோணம்தான் கெடுக்கிறது என்று பாபுஷ்கா, அஜீஸ் என்ற இருவர் 1976-ல் நிரூபித்திருக்கிறார்கள். மாமாவின் நீளத் துண்டில் தப்பில்லை என்று அர்த்தம். ஆனால் எங்கள் மென்பொருள் கேட்க வேண்டுமே.

இன்னொரு வித்தையும் அந்த ஆசிரியர் சொல்லிக் கொடுத்தார். 0.2 மி.மீ. இடைவெளியை 2 மி.மீ. என்று பத்து மடங்கு தடித்து வரையலாம். பதிலுக்குக் குறுக்குத் திசையில் விடுதிறனை 10 என்று கொடுக்க வேண்டும். கனமும் விடுதிறனும் சேர்ந்து ஏறுவதால் அதன் மேல் விழும் வோல்ட் மாறாது. வரும் வோல்ட்டை நிஜமான 0.2-ஆல் வகுத்துக்கொள்ளலாம். நீளவாக்கில் மட்டும் விடுதிறன் 0.1 என்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தடித்த இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் புலம் ஓடிவிடும். இரண்டு திசைக்கும் வேறு வேறு மதிப்புக் கொடுக்க எஃப்.இ.எம்.எம்.மில் இடம் இருக்கிறது. முக்கோணம் வெகுவாகக் குறைகிறது. ஆனால் மூலையில் இது உதவாது. அங்கே 2 மி.மீ. என்பது வடிவத்தையே மாற்றிவிடும். நேர்ப் பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிசல்ட் வந்த அன்று பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கலர்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"கேப்பு எத்தனை போட்டே?"

"நீங்க சொன்ன 0.2 தானுங்கப்பா."

"செரி. அப்ப சரியாத்தான் இருக்கும்."

ஓனரிடம் காட்டலாமா என்று கேட்டேன். அந்த மோட்டார் போய் ஏழு மாசம் ஆச்சு என்றார். தாளை நாலாக மடித்து டூல்ஸ் பெட்டியில், ஃபீலர் கேஜுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அடுத்த பெரிய மோட்டார் வந்தால் எடுத்துக் காட்டுவாரோ என்னவோ. பெரிய கம்பெனிகளில் ஸ்லாட்டுக்குள் போகும் பகுதிக்குக் கார்பன் கலந்த கருப்பு டேப் சுற்றி, காற்றின் இரு பக்கமும் ஒரே வோல்ட்டாக ஆக்கிவிடுகிறார்கள் என்று சொன்னேன். "கருப்பு டேப்பு சுத்தின காயிலு பாத்திருக்கறேன். எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது" என்றார்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் எங்கள் மெஷ்ஷைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, "இந்த 0.2 எந்தப் புக்ல இருந்து எடுத்தது?" என்று கேட்டார்.

"புக்ல இல்லைங்க சார். ஃபீலர் கேஜ் வெச்சு அளந்தது."

"யார் அளந்தது?"

"எங்க அப்பாங்க சார்."

அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று இந்த மலர் அச்சுக்குப் போகிற வரை தெரியவில்லை.

ஜூனியர்களுக்கு ஒரு தகவல். காயில் ஸ்லாட்டை விட்டு வெளியே வருகிற இடத்தை நாங்கள் தொடவே இல்லை. அது மூன்று பரிமாணக் கணக்கு; 100 மி.மீ.க்கு 100 மி.மீ. பரப்பில் 0.1 மி.மீ. கட்டமாக ஓர் அடுக்கு போட்டாலே பத்து லட்சம் கட்டம், அதை நான்முகிகளாக வெட்டினால் ஐம்பது லட்சத்துக்கு மேல். தடித்து வரைகிற வித்தை அங்கே நேர்ப் பரப்புக்கு ஆகும், ஓரத்துக்கு வேறு வழி யோசிக்க வேண்டும். எடுத்துச் செய்ய விரும்புகிறவர்களுக்காக எங்கள் ஃபைல்களை லேபில் ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருக்கிறோம். சிகரெட் அட்டையின் ஜெராக்ஸ் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ஃபீலர் கேஜ் வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பா தருவார்.